வண்டிக்குக் குளிர்

எங்கள் கார் காலையில் நடுங்கத் தொடங்கியது கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள். நாள்களை நினைவில் வைத்துக்கொள்வது என் சுபாவம். அன்று ஹட்டனில் பனி மதில்வரை இறங்கியிருந்தது. பொத்தானை அழுத்தியதும் பேட்டரியில் சத்தமில்லாமல் விழித்துக்கொண்ட வண்டி, சற்றுப் பொறுத்து என்ஜின் பிடித்தபோது ஸ்டியரிங் முதல் பின்சீட் வரை உதறியது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி. பல் விளக்கிக்கொண்டே மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்தார்.

“இந்தக் குளிருக்கு மனுசனே நடுங்குறான், இரும்பு நடுங்காதா? கொத்தமல்லி அவிச்சு ஊத்துங்க, சரியாயிரும்.”

தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஜப்பானில் ஓடித் தேய்ந்து, கொழும்பில் இன்னொருவர் கையில் ஓடி, இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியபின் எங்களிடம் வந்த, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் அது. வயதான உடம்புக்குக் குளிர் தாங்காது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளி ஒன்றை வாங்கிவந்து, இரவில் பொனட்டின் மேல் போர்த்தி, இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் கட்டிவைத்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததையும் பெரிதாக நினைக்கவில்லை. மலை ஏறுகிற வண்டி தண்ணீர் குடிக்கத்தானே செய்யும் என்று, மலை ஊற்று வந்து விழும் பீலியில் பிடித்து ஊற்றினேன்.

அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. நான் தபால் கந்தோரில் வேலை செய்கிறேன், நடந்தே போய்விடுவேன். என் மனைவி மஸ்கெலியாவில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை, காரை ஓட்டிக்கொண்டு போய்வருவது அவள்தான். முதுகில் ஆபரேஷன் செய்தபின் பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, த்ரீவீலரில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்க வேண்டியதுதான். கேட்டால் கிடைத்துவிடும் என்பதே அவளுடைய பயம். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓ.எல். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியில் வேறு கணித ஆசிரியர் இல்லை.

பொங்கலை ஒட்டி வந்த விடுமுறையில் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் ஓர் இரவு தங்கினோம். விடியும்போதே வியர்த்தது. காரை ஸ்டார்ட் செய்தேன். ஹட்டனில் உதறியதற்குக் கொஞ்சமும் குறையாமல் உதறியது.

வெளியே நின்றிருந்த மனைவி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

“என்னங்க, கம்பளி கொண்டாந்தீங்களா?”

“இல்லையே.”

“அடப் பாவமே. கொழும்புக் குளிர அது எப்படித் தாங்கும்?”

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது குளிரே இல்லைங்க. குளிரக் கழிச்ச பெறகும் நடுக்கம் அப்படியே மிஞ்சுதே” என்றாள்.

அங்கேயே யாரிடமாவது காட்டியிருக்கலாம். மறுநாள் பள்ளி என்று புறப்பட்டுவிட்டோம். கினிகத்தேனை ஏற்றம்வரை ஒன்றும் தெரியவில்லை. வட்டவளையை நெருங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. பொனட் இடுக்கில் ஆவி கிளம்பியது, என்ஜின் நின்றது. வண்டி மட்டும் பேட்டரியில் இன்னும் கொஞ்ச தூரம், எதுவும் நடக்காததுபோல் ஊர்ந்துபோய்த் தேயிலைச் செடிகளின் ஓரத்தில் நின்றது.

எதிரே வந்த கொழுந்து லொறியின் டிரைவர் இறங்கி வந்தார்.

“கவுறு இருக்குங்க. கட்டி இழுத்துருவோம்.”

“இத இழுக்கக் கூடாதுங்க. முன் சக்கரம் உருண்டா மோட்டரும் கூடவே சுத்தும், அதுவும் கெட்டுப்போகும். தூக்கித்தான் கொண்டுபோகணும்.”

“தூக்கிட்டா? காருக்குப் பல்லக்கா கேக்குறீங்க?”

கேலி செய்த அவரேதான் கார் ஏற்றும் லொறிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மழையில் காத்திருந்தோம். மனைவி முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“மாத்தம் கேக்க இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் நேரம்” என்றாள்.

“கேக்க வேண்டியதில்ல” என்றேன். எந்தத் துணிவில் சொன்னேனோ தெரியாது. சொன்னபின் அதை உண்மையாக்குவது என் வேலையாயிற்று.

ஹட்டன் கராஜில் பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் என்ஜினைத் திறந்தார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். என்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருந்தது. இரவு முழுக்கத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் என்ஜின் அதைத் துப்பப் பார்த்ததைத்தான் குளிர் நடுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வட்டவளைச் சூட்டில் அந்தத் தலை, ஹெட்டும் வளைந்துவிட்டது.

“மாத்தயா, இத கழட்டி பாட்ஸுக்குக் குடுத்துருங்க. இல்லாட்டி கொழும்புல இருந்து வேற பழைய என்ஜின் ஒண்ணு கொண்டாந்து போடுவம்.”

“போடலாம் பாஸ். ஆனா இது ஏன் போச்சுன்னு தெரியாம போட்டா, அதுவும் இதே வழியில போயிருமே.”

அந்த வாரம் இந்த வகை என்ஜினைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கந்தோர் விட்டால் கராஜ்தான். புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்பும் குழாய் ஒன்று உண்டு; அது அடைத்துக்கொண்டால் உள்ளே சூடு ஏறிக் கேஸ்கட்டைத் தின்றுவிடுமாம். அதையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். கை நுழையாத இடம், பாஸுக்கு விருப்பமில்லை. விடாமல் கேட்டேன். ஒரு மாலை, “ஐயோ மாத்தயா, உங்களோட ஏலாது” என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். விரல் நுழைய வேண்டிய குழாயில் ஈர்க்குச்சி நுழைய இடமில்லாமல் கரி கட்டியிருந்தது. இருவரும் உட்கார்ந்து சுரண்டினோம்.

இதற்கிடையில் மனைவி ஒருநாள் என்னிடம் சொல்லாமல் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வந்தாள். மறுநாள் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. வளைந்த ஹெட்டைச் சீவிச் சமப்படுத்த ஹட்டன் லேத் பட்டறையில் காத்திருந்தால் மாதம் முடிந்துவிடும். கம்பளியில் சுற்றி, உரப்பையில் போட்டு, கண்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நானே புறப்பட்டேன்.

“பையில என்னண்ணே?” என்றார் கொண்டக்டர்.

“என்ஜின் தலை.”

“அப்ப உடம்பு?”

“ஹட்டன்ல கெடக்கு.”

“நல்லது. தலைக்கு டிக்கட் வேணாம், உடம்பு வந்தா எடுக்கணும்.”

முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாலையில் சீவி முடித்த ஹெட்டோடுதான் திரும்பினேன்.

பாஸ் எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு ஓர் இரவுதான் பாக்கி. ரேடியேட்டருக்குள் இந்தமுறை சொட்டுப் பீலித் தண்ணீரும் விடவில்லை, முறையான கூலன்ட் மட்டும்தான். “ஒரு கெழம டவுனுக்குள்ளயே ஓட்டிப் பாருங்க” என்றார் பாஸ். ஒரு கிழமை எங்களிடம் இல்லை.

விடிந்ததும் மனைவி வந்து ஏறினாள். மாற்ற விண்ணப்பம் அவள் கைப்பையில் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். என்ஜின் பிடித்தது. அவள் டாஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. எந்த அசைவும் இல்லை.

“போங்க. நீங்க ரோட்டப் பாருங்க, சிவப்பு வெளக்க நான் பாத்துக்கிறேன்.”

ஏற்றங்களில் அவள் முன்னால் குனிந்துகொண்டாள். மஸ்கெலியாவில் இறங்கி வகுப்புக்குப் போனாள். நான் லீவு போட்டிருந்தேன். என்ஜின் நன்றாக ஆறியபின் பொனட்டைத் திறந்தேன். கூலன்ட் விட்ட அளவிலேயே இருந்தது. நம்பிக்கையில்லாமல் மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். அதே அளவு.

பள்ளி விட்டு வந்தவள் விடைத்தாள் கட்டொன்றைப் பின்சீட்டில் வைத்துவிட்டு ஏறினாள்.

“விண்ணப்பத்தக் குடுக்கணும்னா இப்பவே போகணும். கல்விக் கந்தோர் பூட்டிருவாங்க” என்றேன்.

“நேரா வீட்டுக்கு விடுங்க. திங்கட்கெழம கொஞ்சம் வெள்ளனவே கெளம்பணும். கேத்திர கணிதம் இன்னும் பாதி கெடக்கு.”