எனக்கு இரண்டு பெயர்கள்

2011 கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். வளைகுடாவில் நான் வேலை பார்த்த நாட்டின் கிரிக்கெட் அணி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மேசையில் ஒரு கடிதத்தைப் போட்டார். நான் வேறு ஒருவனுடைய பாஸ்போர்ட்டில் வந்தவன் என்று யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். என் உண்மைப் பெயர் அருள்தாஸ் இல்லையாம், சவரிமுத்துவாம். கூடவே ஒரு போட்டோ. கடலூரில் நான் கோப்பை வாங்கியபோது எடுத்தது. கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘சவரிமுத்து, சிறந்த பந்துவீச்சாளர்’ என்று அச்சடித்திருந்தது. ஜனவரி ஐந்தாம் தேதிக்குள் இரண்டு பேரும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அணியில் இடம் போகும், விசா போகும், ஜெயிலுக்கும் போகலாம் என்றார் மேனேஜர்.

நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. நம் ஆட்கள் இன்னும் அங்கே பிழைக்கிறார்கள்.

நம் பங்குக் கோவில் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்தது தாத்தாவின் பெயர், சவரிமுத்து. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா லூர்துசாமி கொடுத்தது அருள்தாஸ். வீட்டில், தெருவில், மைதானத்தில் நான் சவரிதான். பாஸ்போர்ட்டில் மட்டும் அருள்தாஸ் லூர்துசாமி. நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். ஆனால் அந்த மேனேஜரிடம் சொன்னால், திருடன் கதை கட்டுகிறான் என்றுதான் நினைப்பார்.

போட்டோவில் ஒரு பக்கம் கத்தரித்திருந்தது. என் பக்கத்தில் நின்றவனை வெட்டி எடுத்திருந்தார்கள். என் தோளில் கிடந்த அவன் கையை மட்டும் வெட்ட முடியவில்லை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, கட்டைவிரலில் தையல் போட்ட தழும்பு. அந்தக் கை யாருடையது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

செந்தில். பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன். 2004-ல் சிதம்பரத்தில் ஒரு மேட்சில் என் பந்தை மூன்று முறை எல்லைக்கு வெளியே அடித்துவிட்டு, முடிந்ததும் வந்து தோளில் கை போட்டவன். 2006-ல் இருவரும் ஒரே விமானத்தில் போனோம். ஒரே குடோனில் வேலை, ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. கம்பெனி அணியில் ஆடினோம். நான்கு வருஷம் அங்கேயே தங்கியிருந்தால் அந்த நாட்டுக்காக ஆடலாம் என்றார்கள். தங்கினோம். பதின்மூன்று பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு மிச்சம் ஒரு இடம். அது எனக்குக் கிடைத்தது. நான் போனால் அந்த இடம் அவனுக்கு.

என் இரண்டு பெயர் அங்கே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நானே சொன்னதுதான். “ஏ மச்சான், எனக்கு ரெண்டு பேரு. போலீசு ஒருத்தனப் புடிச்சாலும் இன்னொருத்தன் தப்பிச்சிக்குவான்” என்று ஒருநாள் சாப்பிடும்போது கிண்டலாகச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று அறைக்கு வந்தபோது ரசம் வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னா மச்சான், மேனேஜர் கூப்ட்டாராமே? எதுனா பிரச்சனையா?”

பாவி, என் தட்டில் அவனே சோறும் போட்டான். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் அடித்திருப்பேன்.

ஊருக்குப் போன் செய்தேன். என்னைப் பங்குப் பள்ளியில் சேர்த்தபோது ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்திலேயே பள்ளிப் பெயரையும் அப்போதைய ஃபாதர் குறித்து வைத்தார் என்று அப்பா எப்போதும் சொல்வார். அதைக் கேட்டேன். “சாமியாரு புதுவருஷ வேலையா ஓடிக்கினு இருக்காருடா. ஒண்ணாந்தேதி கழிச்சி வாங்கி அனுப்புறேன்” என்றார். முப்பதாம் தேதி ‘தானே’ என்ற புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. அப்பா போன் செத்துவிட்டது. தெருவில் யார் நம்பரும் போகவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை.

குடோனில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலில் விழுந்தேன். என்ன ஜெபித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ‘ஆண்டவரே, எனக்கு உதவி செய்யும். செந்தில் முகத்திரையை எல்லார் முன்னாலும் கிழித்துப் போடும்.’ இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டேன்.

ஜனவரி இரண்டாம் தேதி, என் போனில் இருந்த ஊர் நம்பர்களை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்றே ஒன்றுதான் போனது. சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் ஏழுமலை அண்ணன். செந்திலின் கூடப் பிறந்த அண்ணன். எடுத்தவுடன் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“எந்த நாயி எழுதுனானோ, வெளங்கவே மாட்டான். நீ பயப்படாத சவரி. நான் போறேன்” என்றார் அவர்.

வழி முழுக்க மரங்கள் விழுந்து கிடந்தன. இடையிடையே வண்டியைத் தூக்கித் தாண்டி வைத்துக்கொண்டு கடலூர் போய்ச் சேர்ந்திருக்கிறார். எங்கள் வீட்டு ஓடு பறந்திருந்தது, ஆனால் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருந்தார்கள். ஃபாதர் பதிவேட்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்திருந்தார். கரண்ட் இல்லாததால் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். மறுநாள் ஏழுமலை அண்ணன் கடை ஜெனரேட்டரில் அதை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினார். நான்காம் தேதி மேனேஜர் படித்துவிட்டுக் கை கொடுத்தார்.

“அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது யார், உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

நான் கேட்ட இரண்டாவது ஜெபத்துக்கு அதுதான் நேரம். வாய் வரை வந்தது. ஆனால் மெயில் அனுப்பியபின் அண்ணன் போனில் கேட்டது காதிலேயே நின்றது. “நம்ம செந்திலும் உங்கூட ஆடுவான்ல? அம்மா கேக்கச் சொன்னாங்க.” தெரியாது என்று மேனேஜரிடம் சொன்னேன்.

அந்த மெயிலை அச்சடித்த காகிதத்தை எடுத்துப் போய்ச் செந்திலின் கட்டிலில் வைத்தேன். மேலே அனுப்பியவர் பெயர் ஏழுமலை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். “எங்க அண்ணனா?” என்று மட்டும் கேட்டான். அந்த வாரமே வேறு அறைக்குப் போய்விட்டான். மன்னிப்பு கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

பிப்ரவரியில் அந்த நாட்டுக்காக ஆடினேன். என் பந்தில் முதல் விக்கெட் விழுந்ததும் மைக்கில் ‘லூர்துசாமி’ என்று அப்பா பெயரைச் சொன்னார்கள். பந்தை வாங்கிக்கொண்டு அழுதேன். ஓடிவந்து தோளில் கை போட ஆளில்லாததும் அந்த அழுகையில் இருந்தது.

மேனேஜர் திருப்பித் தந்த அந்தக் கத்தரித்த போட்டோ என் ஜெபப் புத்தகத்தில்தான் இருக்கிறது. சில நாள் அந்தக் கைக்குரியவனுக்காக ஜெபிக்கிறேன். சில நாள் முடியவில்லை. அப்போது அவன் அண்ணனுக்காக ஆரம்பிப்பேன். முடிக்கும்போது எப்படியோ தம்பியும் வந்துவிடுகிறான். முன்னெல்லாம் அவசரத்துக்கு மட்டும் ஜெபித்த நான், இதற்காகவே இப்போது தினமும் உட்காருகிறேன்.

கூட இருந்தவனே கழுத்தறுத்துவிட்டான் என்று அழுதுகொண்டு இதைப் படிப்பவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். உதவி யார் கையால் வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். ஏழுமலை, செந்தில் இருவரையும் உங்கள் ஜெபத்தில் பெயர் சொல்லி நினையுங்கள். எனக்காகவும் ஜெபியுங்கள். சவரிமுத்து என்றாலும் சரி, அருள்தாஸ் என்றாலும் சரி. இரண்டும் நான்தான்.