கூரைக்கு மேலே எழுந்த அம்மி

போன செவ்வாய்க்கிழமை காலை கல்மண்டபம் டீக்கடையில் உட்கார்ந்து நமக்குக் கசரத்து சொல்லித்தரும் வஸ்தாதுவின் மீசையைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "மாமு, சவரி பூட்டாரு" என்றார்.

"எங்க பூட்டான், எண்ணூருக்கா?" என்று கேட்டேன்.

என் வாய் அப்படி. எந்தச் சேதி வந்தாலும் முதலில் கிண்டல்தான் எழுந்து போய்க் கதவைத் திறக்கும். வந்தவர் சிரிக்கவில்லை. சவரிமுத்து காலையில் பல் விளக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தானாம். காப்பி கொண்டுவந்த அவன் பெண்சாதி லூர்து கூப்பிட்டாளாம். அவன் திரும்பவில்லை. வஸ்தாது டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் எழுந்து நின்று கட்டிக்கொண்டேன். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கர்லாவும் இரும்புக் குண்டும் தூக்க நம் கொட்டாய்க்கு வந்து போகிற உங்களுக்குப் புரியும். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு, ஒருத்தன் எடை தூக்கும்போது சுற்றி நிற்கிறவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிற சட்டம் தெரியுமே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மூணாங்கிளாசோடு நின்றவன் எழுதுவது. தப்பு இருந்தால் அடுத்த தரம் பார்க்கும்போது காதைத் திருகுங்கள்.

சவரியும் நானும் ஒரே சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கினோம். டிராம் நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம். அவன் ஆள் உயரம் கம்மி, தோள் அகலம் ஜாஸ்தி. "உன்ன நிக்க வெச்சா பீரோ, படுக்க வெச்சா கட்டிலு" என்பேன். "ரெண்டும் உன் வூட்ல இல்லாத சாமான்டா மாமு" என்பான். அப்படிப்பட்டவன் வலது தோளில் ஒருநாள் மேல் அடுக்கிலிருந்து பெட்டி சரிந்து விழுந்தது. எலும்பு சேர ஆறு மாதம். சேர்ந்த பிறகு கை தோளுக்கு மேலே போகவில்லை.

கிடங்கு டாக்டர் நல்ல மனுஷன். மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதன் பிறகு ஒரு சோதனை. பத்து ஆணிப் பெட்டிகளைத் தரையிலிருந்து எடுத்து, தலைக்கு மேலே இருக்கும் பலகைத் தட்டில் ஒருத்தர் கையும் படாமல் வைக்க வேண்டும். வைத்தால் வேலை. வைக்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். ஆணிப் பெட்டி பார்க்கத்தான் சின்னது. தூக்கிப் பார்த்தால் குழம்புக்கு மசாலா அரைக்கிற அம்மிக்கல் மாதிரி கனம்.

"கொட்டாய்க்கு வாடா. நாங்க இருக்கும்போது உன்க்கு இன்னா பேஜாரு?" என்று அவனை இழுத்து வந்தவன் நான்தான்.

வந்தான். நாமும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். அதுதான் தப்பு. அவன் குண்டைத் தூக்கும்போது நெற்றி நரம்பு புடைத்தால் போதும், நாலு பக்கமிருந்தும் கைகள் ஓடி வரும். ஒரு விரல்தான் கொடுப்போம், ஒரு விரல். இருபது பேரும் ஆளுக்கு ஒரு விரல் கொடுத்தால் குண்டு தானாகவே மேலே போகும். "சோக்கா தூக்கினே சவரி!" என்று கையும் தட்டுவோம். அவனுக்கும் குணமாகிவிட்டது என்றே நினைப்பு. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, லூர்துவின் டிரங்குப் பெட்டியைப் பரண்மேல் வைக்கப் போயிருக்கிறான். பெட்டி நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மறுநாள் கொட்டாய் வாசலில் நின்றே சொன்னான்: "அங்க தூக்கினது நா இல்ல மாமு. நீங்க. நா சும்மா கூட நின்னுகினு இருந்தேன்."

"இனிமே கை குடுக்க மாட்டோம். உள்ள வா."

"குடுப்பீங்க. உன் கையி உன் பேச்சையே கேக்காது. நா வூட்டுலயே பண்ணிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம் கொட்டாயைவிட அவன் வீட்டு அடுப்படி பெரிதாகிவிட்டதா? தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஏசினேன். "வூட்ல பண்ற கசரத்து, கண்ணாடி முன்னால பேசற வீரம்டா" என்றேன். "இன்னா சவரி, இன்னிக்கு எத்தினி தண்டால்? லூர்து பாக்கும்போதா, பாக்காதபோதா?" என்றேன். அவன் பதிலுக்கு, "நீ கொட்டாய்க்குப் போறது கசரத்துக்கு இல்ல, கதை அளக்க. உன் ஒடம்புல பலமான எடம் தாடைதான்" என்றான். இது உண்மைதான். வஸ்தாதுவே ஒத்துக்கொண்டார்.

வீட்டில் அவனுக்குக் கர்லாக்கட்டையா இருக்கிறது, குண்டா இருக்கிறது? முதலில் அம்மிக்குழவி. அது பழகியதும் அம்மி. காலையில் எல்லாரும் எழுவதற்கு முன்னால் அடுப்படிச் சார்ப்பில், ஓட்டுக் கூரைக்குக் கீழே நின்று வெயில் ஏறும் வரைக்கும் அம்மியைத் தூக்குவான். லூர்து மிளகாயும் தேங்காயும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்தத் தெருவிலேயே அந்த இரண்டு மாதமும் மீன் குழம்பு தாமதமாகக் கொதித்த வீடு அதுதான். ஆனால் ஒருநாள்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. என்னிடம் மட்டும், "அண்ணே, கெஞ்சிக் கேக்கறேன், எங்கூட்டுக்காரர கிண்டல் பண்ணாத. அது அழுவுது" என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறது.

சோதனைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அவனாகவே கொட்டாய்க்கு வந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, யாரும் கிட்ட வராதீங்க" என்றான். குண்டை எடுத்தான். நெஞ்சுக்கு வந்தது. தாடைக்கு வந்தது. அட, நெற்றிக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. நடுக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. சும்மா நின்றுவிட்டது. இறக்கி மறுபடி தூக்கினான். அதே நெற்றி. மூன்றாம் தரமும் அதே நெற்றி.

"இன்னா சவரி, அதுக்கு மேல ஆண்டவர் ஒக்காந்துகினு கீறாரா?" என்று நான் கேட்டேன். இருபது பேர் சிரித்தார்கள். அவன் குண்டை மெதுவாகக் கீழே வைத்தான், உடைந்துவிடப் போகிற மாதிரி. வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

வஸ்தாது சிரிக்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனார். நானும் பின்னாலேயே போனேன். சார்ப்பில் குனிந்து நுழைந்து, நிமிர்ந்து, கையைத் தூக்கினார். உள்ளங்கை ஓட்டில் தட்டியது. தலைக்கு மேல் ஒரு ஜாண்தான் இடம். "தோ பாரு" என்றார். "உன் தோளுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசமா ஓட்டுக்குப் பயந்து பயந்து தூக்கிகினு இருந்தே. இப்ப ஓடு இல்லாத எடத்துலயும் கையி ஓட்டுக்குப் பயப்படுது. அதுக்கு நீ சொல்லணும், மேல ஒண்ணும் இல்லன்னு."

கொட்டாயின் கூரை இரண்டு ஆள் உயரம். அங்கே வந்து பழகு என்று வஸ்தாது கெஞ்சினார். சவரி தலையை ஆட்டினான். "அங்க மேல எடம் கீது வாத்தியாரே, சுத்தி எடம் இல்ல. எங்க பாத்தாலும் கையி." அந்தப் பதினோரு நாளுக்கு என்ன செய்யப் போகிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்து நான் கொட்டாய்க்குப் போகிறேன். அவன் சந்தில் குழாயடியில் பெண்கள் குடத்தோடு வரிசை நிற்கிறார்கள். ஒருத்தர்கூட குழாயைப் பார்க்கவில்லை. எல்லார் முகமும் மேலே. நானும் பார்த்தேன். சவரி வீட்டுச் சார்ப்புக் கூரையில் ஆறு ஓடுகளைக் காணோம். குறுக்கே ஓடிய மரச்சட்டத்தையும் அறுத்திருந்தான். அந்தப் பொத்தல் வழியாக ஒரு அம்மிக்கல் மெதுவாக, சூரியன் வருகிற மாதிரி எழுந்து வந்தது. அதற்குக் கீழே இரண்டு முழங்கை. ஒரு நொடி நின்றது. கூரைக்குள் இறங்கிப் போனது.

என் வாய் சும்மா இருக்குமா? சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஒண்ணு!" என்று கத்தினேன். நக்கலுக்குத்தான் கத்தினேன். அம்மி மறுபடி வந்தது. "ரெண்டு!" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் கூச்சமாகி வாயை மூடிக்கொண்டேன். அம்மி பாதி வந்து தடுமாறியது. உள்ளேயிருந்து குரல் வந்தது:

"நிறுத்தாத மாமு. எண்ணு."

"இன்னாடா?"

"எண்ணு! நீ எண்ணுனா கையி தானா மேல போவுது. கை குடுக்காத, குரல் குடு."

எண்ணினேன். குழாயடியும் சேர்ந்து எண்ணியது. காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எண்ணினார்கள். மறுநாள் கொட்டாய் ஆட்கள் இருபது பேரும் வந்தார்கள், வஸ்தாதுவும் வந்தார். எல்லாரும் சந்தில் நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள். கை கொடுக்க வேண்டும் என்று யாருக்காவது துடித்தாலும் கூரையைத் தாண்டி எட்டாது. நடுவில் இரண்டு நாள் மழை. லூர்து ஒரு கையால் அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "பதினேழுன்னு சொல்லிட்டு பதினெட்ட உட்டுட்டீங்க, ஒயுங்கா எண்ணுங்க!" என்று எங்களைத் திட்டினாள். வீட்டுச் சொந்தக்காரர் வந்து கூரை எங்கே என்று கேட்டபோது, "காத்து தூக்கிகினு பூட்ச்சி" என்று அவரிடம் கூசாமல் சொன்னவளும் அவள்தான். அவர் அன்று முப்பது வரைக்கும் எண்ணிவிட்டுப் போனார்.

சோதனை நாள். கிடங்குக்குள் வெளியாட்களை விடவில்லை. சந்தும் கொட்டாயும் மதில் சுவருக்கு வெளியே நின்றன. உள்ளே டாக்டர், பெரிய கிளார்க், அங்கே வேலை பார்க்கிறவன் என்பதால் நான். முதல் ஆறு பெட்டி ஏறியது. ஏழாவது நெற்றிக்கு வந்தது. நின்றது. அதே பழைய நெற்றி. தோள் நடுங்கியது. என் கைகள் இரண்டும் என்னைக் கேட்காமலே முன்னால் போய்விட்டன. டாக்டர் பேனாவை மூடினார்.

சவரி பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டிக்குக் கீழேயிருந்து சொன்னான்: "கைய பின்னால கட்டுடா மாமு. வாயத் தொற."

கட்டினேன். திறந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பலமாக எதையும் கத்தியதில்லை: "ஏழு!"

மதிலுக்கு வெளியே இருந்து இருநூறு தொண்டை ஒரே தொண்டையாகத் திருப்பிச் சொன்னது: "ஏழு!" தகரக் கூரை அதிர்ந்தது. பெட்டி நெற்றியைத் தாண்டியது. மேலே ஒன்றும் இல்லை என்று அந்தக் கை அப்போதுதான் நம்பியது போலிருக்கிறது. எட்டும் ஒன்பதும் எப்படிப் போயின என்று தெரியாது. பத்தாவதை வைத்துவிட்டு, தட்டின் மேலேயே கையை நீட்டியபடி நின்று, "டாக்டர் சார், இன்னும் எதுனா பெட்டி கீதா?" என்று கேட்டான் பாருங்கள். டாக்டரும் பெரிய கிளார்க்கும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. கை பின்னால் கட்டியபடியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் வஸ்தாது நம் கொட்டாயில் அந்தச் சட்டத்தைப் போட்டார். சவரியும் மறுநாளிலிருந்து கொட்டாய்க்கு வந்தான். ஆனால் வீட்டில் அம்மி தூக்குவதையும் விடவில்லை. "வூட்ல பலம் வரும், இங்க வந்தாதான் அது பலம்னு தெரியும்" என்பான். கூரைப் பொத்தலை மூடும்போது லூர்து மண் ஓடு போட விடவில்லை. ஆறு கண்ணாடி ஓடு போடச் சொன்னாள். அந்த அடுப்படி மாதிரி வெளிச்சமான அடுப்படி இராயபுரத்தில் இல்லை.

போன புதன்கிழமை காசிமேட்டுக் கல்லறைக்கு அவனைக் கொண்டுபோனோம். பெட்டியைத் தூக்கும்போது கொட்டாய் முழுக்கக் கை கொடுத்தது. அன்று ஒருநாள்தான் அவனால் எங்களைத் திட்ட முடியவில்லை. தோளில் ஏற்றிய பிறகு யாருக்கும் நடக்கக் கால் வரவில்லை. லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னா அண்ணே, சும்மா நிக்கற? எண்ணு."

எண்ணினேன். முதல் அடிக்கு ஒன்று. குழாயடிப் பெண்கள் இரண்டு என்றார்கள். வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனோம். சாவு ஊர்வலம் என்று ஒதுங்கி நின்ற கடைக்காரர்கள், யாரோ ஜெயித்துவிட்டு வருகிறான் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். தப்பாக நினைக்கவில்லை.

அவன் கழற்றிய பழைய ஓடுகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. "உன் மண்டைக்குப் பதிலா வெச்சிக்கோ, ரெண்டும் ஒரே கனம்" என்று அவன் கொடுத்தது. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, இத்தனை வருஷம் வீட்டுக் கசரத்தை ஏசிய நான், இந்த ஒரு வாரமாகக் காலையில் வீட்டிலேயே இருபது தண்டால் எடுக்கிறேன். பிறகுதான் கொட்டாய்.

தெருக்கதவை மட்டும் சாத்துவதில்லை. அந்தப் பக்கம் போகிற நீங்கள் யாராக இருந்தாலும், உள்ளே வந்து எனக்குக் கை கொடுக்க வேண்டாம். வாசலில் நின்று எண்ணுங்கள்.