கேபிளைப் பிடுங்கிய பிறகும்

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இருந்ததில்லை. அன்று இருந்ததெல்லாம் எரிச்சல் மட்டும்தான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ரலித்ஸா. பல்கேரியாவில் ப்ளேவென் நகரில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாக இருக்கிறேன். வயதானவர்களுக்குப் போனைக் கையாளச் சொல்லித்தரும் வீடியோ எடுப்பது என் வேலை. போன் திரையை அப்படியே கம்ப்யூட்டரில் வரவைத்துப் பதிவு செய்வேன். விரல் படும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். பார்ப்பவர்களுக்குப் புரிய வேண்டுமே.

நவம்பர் 22. மாலை 4.40. வெளியே இருட்டிவிட்டது. ஆறு மணிக்குள் வீடியோ வராவிட்டால் இனி இந்தப் பக்கமே வராதே என்று முதலாளி போரியானா சொல்லியிருந்தாள். ஆபத்து நேரத்தில் 112-ஐ அழைப்பது எப்படி என்ற வீடியோ. கேபிளோ சண்டித்தனம் செய்தது. படம் வரும், உறையும், போய்விடும். ஏழு முறை. அழுகை வராத குறைதான்.

4.47. ஒருவழியாகப் படம் நின்றது. பதிவை ஓடவிட்டு, பேசுமுன் தொண்டையை நனைக்கக் காபியை எடுத்தேன். இரண்டு கையும் கோப்பையில் இருந்தன.

கம்ப்யூட்டர் திரையில் வெள்ளைப் புள்ளி நகர்ந்தது.

1... 1... பிறகு 2-க்குப் போய், நடுங்கிக்கொண்டே கீழே சறுக்கி, 5. அழைப்பு போகவில்லை. மறுபடி 1... 1... 5.

என் போனைப் பார்த்தேன். அதில் எண்களே இல்லை. கேபிளைப் பிடுங்கினேன். கேபிள் என் கையில் இருந்தது.

புள்ளி நிற்கவில்லை.

படத்துக்கு மேலே என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கிச்கா’ என்று இருந்தது. நேர் கீழ்வீட்டு அத்தை. அவள் போன் என் இணைப்பில் வந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

4.52. டொக்... டொக்... டொக்...

வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் கணப்புக் குழாயில். எல்லா மாடிக்கும் ஒரே குழாய். சத்தம் போடாதே என்று அடுத்த வீட்டைத் திட்ட எங்கள் கட்டடத்தில் அதைத்தான் தட்டுவோம். கரண்டியை எடுத்து நானும் ஓங்கி மூன்று தட்டுத் தட்டினேன்.

சத்தம் நின்றது. புள்ளியும் நின்றது.

நேரில் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கீழே இறங்கினேன்.

கதவில் கறுப்பு நாடா. பக்கத்தில் படம் போட்ட தாள். கிச்கா அத்தை... இறந்து நாற்பதாம் நாள்.

அக்டோபர் 14 இரவே நான் வர்னாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். நவம்பர் 21-ம் தேதிதான் திரும்பியிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

அத்தையின் மகன் கதவைத் திறந்து, இறந்தவர் நினைவாகத் தரும் அவித்த கோதுமையை நீட்டினான். எப்போது என்றேன். அக்டோபர் 14 என்றான். நான் ஊருக்குக் கிளம்பிய அதே நாள். சமையலறையில் விழுந்து இடுப்பு உடைந்துவிட்டதாம். கை நடுக்கத்தில் 115-ஐயே பதினொரு முறை அழைத்திருக்கிறாள். பிறகு குழாயைத் தட்டியிருக்கிறாள். அஞ்சரை வாக்கில் உயிர் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

“ரெண்டாவது மாடிக்காரருக்கும் கேட்டுச்சாம். மேலேருந்து யாரோ பதிலுக்குத் தட்டினாங்க, சரி, ஆளு போயிடும்னு அவர் பேசாம இருந்துட்டாராம்.”

ஊருக்குக் கிளம்புமுன், அன்று மாலையும் நான் பதிவு செய்துகொண்டிருந்தேன். அன்றும் எரிச்சல். அன்றும் இதே கரண்டி.

“அத்தையோட போன் எங்க?”

“அவங்க கூடவே பெட்டியில வச்சுப் புதைச்சுட்டோம்.”

போரியானாவுக்கு நான் எதையும் அனுப்பவில்லை. வேலை போயிற்று. புள்ளி தெரிந்த அந்தப் பதிவு மட்டும் என்னிடம் இருக்கிறது. 4.52-க்கு நான் தட்டுவது கேட்கிறது. அதற்குப் பிறகு புள்ளி எந்த எண்ணையும் தொடவில்லை. யாரோ வருகிறார்கள் என்று... அதே இடத்தில்... காத்திருக்கிறது.

5.31 வரை.