ஞாயிற்றுக்கிழமைக் காய்

வெள்ளிக்கிழமை காலை மதுரையில் ஏறிய ரயில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நின்று நின்று, சாப்பாட்டு நேரத்துக்குப் போடிநாயக்கனூரில் என்னை இறக்கிவிட்டது. அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. எதிரே மலைதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம் அது. மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருந்தது தெரிந்தது. கீழே ஊரில் நல்ல வெயில்.

போடிக்குப் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய் விளைவது அந்த ஊரில் இல்லை. விளைவதெல்லாம் மலைமேல், பெரும்பாலும் போடிமெட்டைத் தாண்டிக் கேரள எல்லைக்கு உள்ளே. கீழே நடப்பது வியாபாரம். கடைத்தெருவில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் பெண்கள் உட்கார்ந்து காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் சாப்பிட்ட ஓட்டலில் மோரில்கூட ஏலக்காய் வாசம் அடித்தது.

நான் போனது பணம் திரட்ட. ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளி விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவள், பிறகு மதுரையில் ஒரு சிறிய சேவை அமைப்பில் சேர்ந்திருந்தேன். மலைமேல் ஒரு தோட்டத்தில் எங்கள் அமைப்பு ஒரு சுகாதார நிலையம் நடத்தியது. ஓர் அறை, லீலா என்ற ஒரு நர்சு, அவ்வளவுதான். பிரசவம் சிக்கலானால் கீழே கொண்டுவர வண்டி இல்லை. கம்பளியை மூங்கிலில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். பழைய ஜீப்பு ஒன்று விலைக்கு வந்திருந்தது. வியாபாரிகளைப் பார்த்து அதற்கு நன்கொடை வாங்கி வரும்படி என்னை அனுப்பியிருந்தார்கள். பையில் புதிதாக அச்சடித்த நோட்டீசுக் கட்டு இருந்தது. மேலே அழுகிற குழந்தையின் படம், கீழே கருணை உள்ளங்களுக்கு ஒரு வேண்டுகோள்.

முதலில் பார்த்தது சங்கரலிங்கம் என்ற ஏலக்காய் வியாபாரியை. அறுபது வயது இருக்கும். நோட்டீசை மூக்குக்கண்ணாடி போட்டு முழுதும் படித்தார். காபி வரவழைத்தார். பத்து ரூபாய் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீக தாயி. இந்த மாதிரி நோட்டீசு வாராவாரம் வருது. எல்லாத்துலயும் ஒரு புள்ள அழுதுக்கிட்டுத்தான் இருக்கு. எந்தப் புள்ள, எந்த ஊருன்னு எனக்கென்ன தெரியும்? சாம்பிள் பாக்காம நான் ஒரு கிலோ காய் வாங்குனதில்ல."

மற்ற கடைகளிலும் அதேபோல் ஐந்து, பத்து என்றுதான் விழுந்தது. சாயங்காலம் திரும்பவும் அவரிடமே போய் நின்றேன். அவர் ஒரு வழி சொன்னார். "புதங்கெழம ஏலம். எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாக. மேல இருந்து யாரையாவது கூட்டியாந்து பேச விடுங்க. ஏலம் விடுறவருட்ட நான் சொல்லி வைக்கிறேன்."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. துயரத்தை அனுபவித்தவர் வாயால் சொன்னால் மனம் இரங்காதவர் யார்?

சனிக்கிழமை காலை பஸ்சு நிலையத்தின் பக்கத்தில் ஜீப்பு பிடித்தேன். தலைக்கு ஐந்து ரூபாய். "பையக் கொண்டாங்க டீச்சர், மேல போட்டுருவோம். வெரசா ஏறுங்க, மழைக்கு முன்ன மெட்டத் தாண்டணும்" என்றார் டிரைவர். படித்த பெண் தனியாக வந்தால் அந்தப் பக்கத்தில் டீச்சர்தான். நானும் மறுக்கவில்லை.

அடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் போடி ஊர் கொஞ்சம் சிறிதாகிக்கொண்டே வந்தது. முன் இருக்கையில் இருந்தவர் பெருமாள்சாமி. ராசிங்காபுரத்தில் வயல், மலையில் ஏலத்தோட்டம். எங்கள் சுகாதார நிலையம் இருந்தது அவர் தோட்டத்தில்தான். நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜீப்பு வாங்குங்க, நல்ல காரியம். எங்க அப்பா பேர அதுல எழுதுறதா இருந்தா நானும் ஒரு பங்கு போடுறேன்."

மதியம் நல்ல மழையில் போய்ச் சேர்ந்தோம். ரோட்டிலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஒரு மைல் மண்பாதை. லீலா குடையோடு வந்து நின்றார். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். "செல்லத்தாயோட சம்சாரிச்சு நோக்கு டீச்சர், பேசிப் பாருங்க. அவ சொன்னா இங்க எல்லாரும் கேப்பாங்க" என்றார்.

செல்லத்தாய்க்கு நாற்பது வயது இருக்கலாம். காய் எடுக்கும் பெண்களில் மூத்தவள். அவளுடைய நாத்தனார் ராமுத்தாய் போன வருடம் பிரசவ வலியில், தூளியில் தூக்கிக்கொண்டு போகும்போதே, ரோட்டை எட்டுவதற்கு முன் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. லீலா இதை எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தார். அதை மனதில் வைத்துத்தான் நான் பேச்சைத் தொடங்கினேன். புதன்கிழமை ஏலத்தில் வந்து, நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்றேன்.

செல்லத்தாய் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். முகத்தில் மாறுதல் இல்லை.

"ஏலம் போடுற எடத்துல வச்சு அவ சாவச் சொல்லணும்?"

"ஆமாம். கேட்டால் கட்டாயம் கொடுப்பார்கள்."

"கிலோ என்ன வெலைக்குப் போகும் டீச்சர்?"

நான் கையில் இருந்த நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்தேன். உள்ளே அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. லீலா குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். இனி பேசிப் பயனில்லை, மறுநாள் காலை கீழே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

செல்லத்தாய்தான் மறுபடி பேசினாள். கோபமாகப் பேசவில்லை. "ஜீப்பு வேணும். அதுக்குக் காசு வேணும். கேட்டாத்தான் வரும், அதுவும் தெரியுது. வெறுங்கையோட போயி நிக்க மாட்டோம். குடுத்துட்டுக் கேப்போம்."

"எதைக் கொடுப்பது?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. எங்களுக்குச் சோலி இல்ல. காய் இருக்கு, கை இருக்கு."

அன்று பொழுது சாய்வதற்குள் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு பெருமாள்சாமியின் பங்களாவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை கூலி இல்லாமல் காய் எடுத்துத் தருகிறோம், அன்றைக்கு எடுக்கும் காயை நீங்கள் ஜீப்புக்கு விட்டுக்கொடுங்கள் என்று செல்லத்தாய் கேட்டாள். பெருமாள்சாமி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்.

"எங்கப்பா பேரு?"

"ஒங்க அப்பா பேரே இருக்கட்டும் மொதலாளி. நாலு பக்கமும் எழுதிக்கோங்க. ஆனா வண்டி இங்கிட்டு, ஒங்க பங்களாவுல நிக்கக் கூடாது. லயத்து வாசல்ல நிக்கணும்."

"அங்க வரைக்கும் ரோடு எங்க இருக்கு?"

"மண்ண நாங்க வெட்டுறோம். கல்லு நீங்க போடுங்க."

அவர் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "நீ ஏலம் விடுற எடத்துல இருக்க வேண்டிய ஆளு. சரி, எடுங்க." அவருக்கு உண்மையிலேயே சம்மதமா, அத்தனை பேருக்கு முன் மறுக்க முடியவில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முப்பது பெண்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். நானும் போனேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காய் மட்டும் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். முற்றிய காயைத்தான் எடுக்கலாம், பிஞ்சைத் தொடக் கூடாது. என் கூடையைப் பார்த்து ஒரு பெண், "டீச்சர் பாதி பிஞ்சா எடுத்திருக்காக" என்று சொல்லிச் சிரித்தாள். செருப்புக்குள் அட்டை ஏறியிருந்தது மதியம்தான் தெரிந்தது. மழையிலேயே சாப்பிட்டோம். யாரும் ராமுத்தாயின் பேரை எடுக்கவில்லை.

தோட்டத்தில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அங்கே அன்று மாலை மூட்டிய நெருப்பு திங்கள் முழுதும் எரிந்தது. செவ்வாயன்று வேலை முடிந்து வந்த பெண்கள் ஸ்டோரில் உட்கார்ந்து, காம்பு நீக்கி, உடைந்ததை ஒதுக்கி, பச்சை மாறாத காயாகப் பொறுக்கினார்கள். கடைசியில் ஒரு மூட்டை தேறியது.

புதன்கிழமை காலை பெருமாள்சாமியின் லோடு வண்டியில் மூட்டையோடு அவரும் செல்லத்தாயும் நானும் இறங்கினோம். செல்லத்தாய் இருபது வருடமாகக் காய் எடுக்கிறாள், அது விலை போகும் இடத்தை அன்றுதான் பார்த்தாள். ஏல மண்டபத்தில் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தட்டு. சாம்பிள் வந்ததும் விரலால் அளைந்து, ஒன்றை நசுக்கி முகர்ந்து, விலை சொல்ல வேண்டும். மேசைக்குப் பின்னால் நின்றவர் விலையைக் கூவிக்கொண்டே போனார். ஒவ்வொரு மூட்டையும் ஒரு நிமிடத்தில் கைமாறியது.

எங்கள் மூட்டை வந்தபோது அவர், "இது ஜீப்பு வாங்குறதுக்காகத் தோட்டத்துப் பொம்பளைங்க ஞாயித்துக்கெழம எடுத்த காய். காய் மொதலாளி குடுத்தது" என்று மட்டும் சொன்னார். பேசியது போதும் என்பதுபோல் வியாபாரிகள் தட்டைப் பார்த்தார்கள். முதல் விலை வழக்கமான விலை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "காய் சுமார்தான்" என்றார். பெருமாள்சாமியின் கழுத்து சிவந்தது. நான் எழுந்து ஏதாவது பேசலாமா என்று தவித்தேன்.

அதற்குள் வாசலில் நின்ற செல்லத்தாய் சத்தமாகச் சொன்னாள். "அண்ணே, சுமாருன்னு சொன்னவுக இன்னொரு தடவ பாருங்க. ஒடஞ்சது ஒண்ணு இருக்கா? வெளுத்தது ஒண்ணு இருக்கா? கூலிக்கு எடுக்கிறப்ப அவசரத்துல எடுப்போம். இது எங்களுக்காக எடுத்தது. கொறச்சுக் கேக்கிறதுன்னா குத்தத்தக் காட்டிட்டுக் கேளுங்க."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஏளனச் சிரிப்பு இல்லை அது. தட்டுகள் மறுபடி கைமாறின. பின்வரிசைக்காரர் நிஜமாகவே ஒரு காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் தட்டிலேயே வைத்தார்.

சங்கரலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பங்குனித் திருவிழாவுல சாமி எலுமிச்சம்பழத்த ஏலத்துல எடுக்கிறோம். சாறு எம்புட்டு இருக்குன்னு பாத்தா எடுக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு, வழக்கமான விலையைப்போல் இரண்டு மடங்கு சொன்னார். பின்வரிசைக்காரர் விடவில்லை. கேலி பேசியவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்போலும். இரண்டு பேரும் மாறி மாறி ஏற்றினார்கள். பிறகு மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். கடைசியில் சங்கரலிங்கத்துக்கு விழுந்தது. பணத்தைக் கட்டியவர், "மூட்டைய மறுபடி ஏலத்துல போடுங்க. எனக்கு வேணாம்" என்றார். இரண்டாவது முறை பின்வரிசைக்காரர் எடுத்தார். அவர் மூட்டையைத் திருப்பித் தரவில்லை. "இந்தக் காய நான் விக்கிறதுக்கில்ல. வீட்டுக்கு" என்று தூக்கிக்கொண்டு போனார்.

ஜீப்பின் விலையில் பாதிக்குச் சற்று அதிகம் அன்று சேர்ந்தது. மீதிக்காக நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. அடுத்த சில வாரங்களில் அன்று மண்டபத்தில் இல்லாத வியாபாரிகள் சங்கரலிங்கத்தின் கடையில் தாங்களாகவே கொடுத்துவிட்டுப் போனார்கள். கேட்டது நாங்கள். ஊரெல்லாம் சொன்னது அன்று ஏலத்தில் இருந்தவர்கள்.

ஏலம் முடிந்த அன்று மதியமே ரயில் ஏறினேன். எங்கள் மதுரையில் உண்டியல் குலுங்கினால், கேட்பவர் நகர்ந்து போகட்டும் என்று சில்லறையைப் போட்டுவிடுவோம். போடியில் அன்று ஒவ்வொருவரும் அந்தக் காரியத்தில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கொடுத்தார். இதை எப்படி ஒரு நோட்டீசில் எழுதுவது என்று தேனி வரைக்கும் யோசித்தேன். எழுத வரவில்லை.

தை மாதம் ஜீப்பு போனபோது நானும் போனேன். ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் மண் வெட்டிக் கல் பாவியிருந்தார்கள். பெருமாள்சாமியின் அப்பா பெயர் வண்டியின் முன்னால் மட்டும் சிவப்பில் இருந்தது. ரோட்டு முனையில் பெண்கள் கூடி நின்றார்கள். ஜீப்பை ஓட்டி வந்த டிரைவர் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க அக்கா, மொதச் சவாரி நீங்கதான்" என்று செல்லத்தாயைக் கூப்பிட்டார்.

அவள் கையால் வண்டியின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். உள்ளே எட்டி, படுக்கவைக்கும் பலகையை அழுத்திப் பார்த்தாள்.

"வேணாம்ப்பா. நல்லா இருக்கிறவுக இதுல ஏறக் கூடாது. நீ முன்ன போ, நாங்க நடந்து வர்றோம்."

வேறு யாரும் ஏறவில்லை. லீலாவும் ஏறவில்லை. ஜீப்பு காலியாக, புதுக் கல்லில் மெல்லக் குலுங்கிக்கொண்டு ஏறியது. அதன் பின்னால் நாங்கள் எல்லாரும் நடந்து போனோம்.