மால்மோவில் அம்மாவைக் கூப்பிட்டேன்

சுவீடனுக்குப் போகிறவர்கள் தலைநகரத்துக்குப் போவார்கள். நான் ரொறன்ரோவிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு மால்மோவுக்கு வந்திருக்கிறேன். வெள்ளி மாலை, பாட்டுக்காரர்கள் பாடுகிற ஒரு பாரில் இருக்கிறோம். வினாகிரியில் ஊறிய மீனை ஒரு வாய் வைத்துவிட்டு, “உறைப்பு எண்டு ஒரு சாமான் இல்லை” என்று மிளகு தேடிப் போன அம்மாவைக் காணவில்லை.

“அம்மா! அம்மா!” என்று கத்துகிறேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நிற்கிறது. பார் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது.

பியர் ஊற்றுகிற பெண் என் பக்கம் குனிந்து, “குழந்தை எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

“எந்தக் குழந்தை?”

“எங்கள் மொழியில் ‘அம்மா’ என்றால் தாய்ப்பால் கொடுப்பது.”

எனக்கு வயது நாற்பத்தாறு. மொட்டை வேறு.

அம்மா மிளகோடு வந்துவிடுகிறார். “ஏன்ரா உவள் சிரிக்கிறாள்?”

காரணத்தைச் சொல்கிறேன்.

“உதில என்ன பிழை? மூண்டு வயசு வரைக்கும் பாலை விடமாட்டன் எண்டு நிண்டனி. அதையும் அவளுக்குச் சொல்லு.”

“என்ன சொல்கிறார்?” என்கிறாள் அந்தப் பெண்.

“பாட்டு நன்றாக இருக்கிறதாம்.”

அம்மாவுக்கு என்னில் நம்பிக்கை இல்லை. தானே மூன்று விரலை உயர்த்திக் காட்டுகிறார்.

அவள் தலையாட்டிவிட்டு மூன்று பியர் ஊற்றுகிறாள்.