ஆவன செய்யப்படும்

என் அக்காவைக் கட்டியவர் திருவாடானைப் பக்கத்துச் சம்சாரி. சட்டசபைக்குப் போன பிறகும் உழவு நாளில் ஏர் பிடித்தார். எதிர்க்கட்சியில் கடைசி பெஞ்சு என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார். நான் எட்டாவது படித்துவிட்டு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் சபையில் அவர் கேட்கும் கேள்விகளையெல்லாம் எழுதித் தருவது என் வேலையாயிற்று.

அந்த வருஷம் எங்கள் கவலையெல்லாம் கலுங்கைப் பற்றித்தான். கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கான கல்கட்டு அது. அதில் ஒரு பக்கம் பெயர்ந்து கிடந்தது. அப்படியே விட்டால் பாதிக் கண்மாய்த் தண்ணீர்கூட நிற்காது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, பனங்கட்டையும் மண்ணும் போட்டு அடைப்போம். அதைச் சிமெண்டு வைத்துக் கட்டித் தரும்படி அவர் சபையில் கேட்டார்.

பதிலை வாங்கிக்கொண்டு ரயிலேறி தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கி, ஊருக்கு வந்ததும் வேப்பமரத்தடியில் ஆட்களைக் கூட்டினார்.

"ஆவன செய்யப்படும்னு எழுத்துலயே குடுத்துட்டாக."

"ஆவனன்னா என்னப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"வேண்டியதெல்லாம்னு அர்த்தம், சித்தப்பா."

"அப்ப இந்த வருசம் மம்பட்டி எடுக்க வேணாங்கிற."

"நாம சேத்த அள்ளி வச்சா, கொத்தனாரு வந்து அதையும்ல அள்ளணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இரண்டு வார்த்தைகளும் எனக்குப் பழக்கமானவை. நான் எழுதிய எத்தனையோ மனுக்களுக்கு அதே பதில் வந்திருக்கிறது. வாங்கிப் போனவர்கள் மறு வருஷம் அதே மனுவை எழுதச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்ல வாய்வரை வந்தது. கூட்டத்தில் மச்சானை மறுத்துப் பேசுவதா என்று துண்டை மடித்துக்கொண்டு நின்றேன். வீட்டிலும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் அக்காவிடம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கொத்தனார் வரவில்லை. ஐப்பசியில் ஐந்து நாள் மழை கொட்டியது. ஆறாம் நாள் காலையில் கலுங்கின் பெயர்ந்த பக்கம் வழியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீரில் போட்ட மண் நிற்கவில்லை. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பனங்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரையிலிருந்து ஒரு பெண், "ஏ மெம்பரு, ஆவன எம்புட்டு ஆழம் இருக்கு?" என்று கேட்டாள்.

நெல் பால் பிடிக்கிற நேரத்தில் கண்மாய் வறண்டது. ஊர்ப் பயிரோடு அவர் பயிரும் கருகியது.

அடுத்த தடவை பட்டணம் புறப்படும் முன் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒனக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "எழுது. எங்க ஊருத் தண்ணி ஆவன வழியா ஓடிப்போச்சுன்னு எழுது" என்றார்.

"சபைக்கு அப்படியெல்லாம் எழுதக் கூடாது மச்சான்."

"நீ அன்னைக்குப் பேசியிருக்கணும். இன்னைக்கு எழுது."

எழுதினேன். சபையில் மந்திரிகள்கூடச் சிரித்தார்களாம். புதுப் பதிலை அவர் மரத்தடியில் தானே படிக்காமல் என் கையில் கொடுத்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்றிருந்தது. ஊரே என்னைப் பார்த்தது.

"இதுல தண்ணி நிக்குமா மாப்ளே?"

"நிக்காது மச்சான்" என்றேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். திரும்பச் சொன்னேன்.

"கேட்டீகள்ல? நாளைக்கு வீட்டுக்கு ஒரு ஆளு. எங்க வீட்டுக்கு நான் வாரேன்" என்றார் அவர்.