தாழ்ப்பாளுக்குள் ஓடியவள்

ஏற்காட்டு மைதானத்தில் விசில் ஊதுகிறார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஓட்டப் பந்தயம். வீடுகளில் பூட்டி வைக்கப்பட்ட இப்படிப்பட்ட பிள்ளைகளை வெளிநாட்டில் ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்துக்கு அழைத்து ஓடவிட்டதில்தான் இந்தப் பந்தயங்களின் உலகளாவிய இயக்கமே தொடங்கியதாம். ஒலிபெருக்கி சொல்கிறது.

என் சின்ன வயதில், நாகலூர் காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டர். அம்மா இல்லை. இந்தப் பிள்ளைகளைப் போன்ற என் தங்கை ஸ்டெல்லாவை யாரும் பார்த்துவிடாமல் உள்ளே வைத்துத் தாழிடுவது என் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததற்கு அப்பா விசில் ஊதுவார். ஆட்கள் போனதும் கதவைத் திறப்பேன். புளித்த காப்பிப் பழ வாசனைக்குள், காப்பி காயவைக்கும் காலிக் களத்தை அவள் சுற்றிச் சுற்றி ஓடுவாள். எல்லாருக்கும் வேலை முடிகிற விசில் அவளுக்கு ஓட்டம் தொடங்குகிற விசில்.

ஒருநாள் தாழிட்டுவிட்டுப் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போனேன். விசிலை ஊதிவிட்டு அப்பாவும் லாரியோடு சேலம் போய்விட்டார். ஜெயித்த கோப்பையோடு திரும்பிக் கதவைத் திறந்தேன். சுவரில் மோதி நெற்றி புடைத்திருக்க, மூச்சு வாங்க நின்றாள்.

"விசில் ஊதுச்சுக்கா. நானு ஓடிட்டேன். ஜெயிச்சுட்டனா?"

கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "ஜெயிச்சுட்ட கண்ணு."

அடுத்த மழைக்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

இன்று இந்த மைதானத்தில், ஓடி முடித்த பிள்ளைகளுக்குப் பதக்கம் போடுவது என் வேலை. உதவிக்கு நின்ற பெண் என் கையில் மிச்சமிருந்த பதக்கத்தைப் பார்த்தாள்.

"ஏனுங் டீச்சர், எல்லாருக்கும் போட்டாச்சுங்களே. இது யாருக்குங்க?"

"இன்னும் ஒருத்தி ஓடிட்டிருக்காளுங்க" என்றேன்.